ஊட்டி உருளையில் மாவு குறைந்ததற்கு உரம்தான் காரணமா?

கேத்தித்தோட்டம்:
போன வாரம் மேட்டுப்பாளையம் மண்டிக்கு 40 மூட்டை இறக்கினேன். அங்கே நின்றிருந்த ஒரு பெரியவர் ஒரு கிழங்கை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார். தோல் வெங்காயச் சருகு போல உரிந்து வந்தது. "முன்னே ஊட்டிக் கிழங்கு வெந்தால் பூப்போல உடையும். இப்போது வெறும் தண்ணீர். எல்லாம் உரம் செய்த வேலை" என்றார். எனக்கு மனசு தாங்கவில்லை. எங்கள் மலையில் உரம் போடாமல் ஒரு போகம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். வேளாண் பல்கலைக்கழகமே மலைக்கு ஹெக்டேருக்கு தழைச்சத்து (நைட்ரஜன்) 120, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 240, சாம்பல்சத்து (பொட்டாஷ்) 120 கிலோ என்று பரிந்துரைக்கிறது. அதைப் போடுவது குற்றமா?

எருக்குழி:
அண்ணா, கோபப்படாமல் கேளுங்கள். அந்தப் பெரியவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. கோத்தகிரிப் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர். ஆறு வருஷமாக யூரியா மூட்டையைத் தொடவில்லை. தொழு உரமும் கோழி எருவும்தான், நடுவில் ஒரு போகம் பட்டாணி. மூட்டை குறைந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் என் கிழங்கை வேகவைத்தால் கரண்டி பட்டதும் உதிர்கிறது. ரசாயன உரத்தை விட்டால்தான் பழைய ருசி திரும்பும்.

மண்வாசி:
இருவரும் 'உரம்' என்ற ஒரே சொல்லில் மூன்று சத்துகளையும் கட்டிப்போடுகிறீர்கள். கிழங்குக்குள் மூன்றும் வேறு வேறு வேலை செய்கின்றன.

மணிச்சத்து ஏன் தழையைப்போல இரண்டு மடங்கு? நீலகிரி மண் புளித்த, அதாவது அமிலத்தன்மையுள்ள செம்மண். அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, போட்டதில் கொஞ்சம்தான் வேருக்குக் கிடைக்கிறது. அது போதாவிட்டால் செடிக்குப் பிடிக்கும் கிழங்கின் எண்ணிக்கையே குறையும். சாம்பல்சத்து கிழங்கைப் பருக்க வைக்கும், அடிபட்ட இடம் உள்ளே கறுப்பதைக் குறைக்கும். இவை இரண்டும் ருசியின் எதிரிகள் அல்ல. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். சாம்பல்சத்தை மியூரியேட் பொட்டாஷ் உரமாக அதிகம் கொட்டினால் அதிலுள்ள குளோரைடு மாவைக் கொஞ்சம் குறைக்கும். சல்பேட் பொட்டாஷில் அந்தக் குறை இல்லை, விலைதான் கூட.

சிக்கல் தழைச்சத்தில். அதுவும் போடும் நாளில். பாதி அடியுரமாகவும் மீதி 30ஆம் நாள் மண் அணைக்கும்போதும் போனால் சரி. அதற்குப் பிறகு போட்டால் செடி மறுபடி இலைவிடக் கிளம்பிவிடும். இலையில் ஆன உணவு கிழங்குக்கு இறங்குவது தள்ளிப்போகும். தோண்டுகிற நாளில் செடி இன்னும் பச்சையாக நிற்கும், கிழங்கு முற்றியிருக்காது. முற்றாத கிழங்கில் மாவு குறைவு, தண்ணீர் அதிகம், தோலும் இறுகாது. சர்க்கரையும் கூடுதல், அதனால்தான் வறுத்தால் சிப்ஸ் கறுத்துப்போகிறது. தழை அடர்ந்தால் இலையில் ஈரம் காயாது, கருகல் நோய்க்கும் வழி.

கேத்தி அண்ணா, 60ஆம் நாள் ஒரு யூரியா போட்டீர்களா?

கேத்தித்தோட்டம்:
போட்டேன். ஏக்கருக்கு ஒரு மூட்டை. நடவுக்குப் பிறகு பெய்த மழையில் உரமெல்லாம் அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று பயந்துதான் போட்டேன். செடி கறுகறுவென்று நின்றது, பார்க்க ஆசையாக இருந்தது.

எருக்குழி:
அந்தப் பயத்தைத்தான் சொல்கிறேன். எருவில் அந்தப் பயம் கிடையாது.

மண்வாசி:
கிடையாது என்று சொல்லாதீர்கள் தம்பி. கோழி எருவில் தழைச்சத்து சீக்கிரம் கரையும். அதைப் பூக்கும் பருவத்தில் தூவினாலும் இதே கதிதான். கிழங்குக்குத் தழைச்சத்து எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று தெரியாது. மாட்டெருவின் கணக்கையும் பாருங்கள். ஏக்கருக்கு 6 டன் போட்டால் அதில் தழைச்சத்து சுமார் 30 கிலோ. அதிலும் ஒரு பங்குதான் இந்தப் போகத்தில் கிடைக்கும். பயிர் கேட்பது ஹெக்டேருக்கு 120, அதாவது ஏக்கருக்கு 48 கிலோ. உங்கள் மூட்டை குறைந்ததற்கு இது ஒரு காரணம்.

மலைமண்டி:
மண்டியில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். நாங்கள் அளவு பார்த்துத்தான் விலை போடுகிறோம். பெரிசு, நடுத்தரம், பொடி. மாவு எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை. பருத்த கிழங்குக்கே பணம் என்றால் விவசாயி 60ஆம் நாளிலும் யூரியாவைத்தான் தேடுவார். இதில் எங்கள் தப்பும் இருக்கிறது.

நுவரெலியா:
இலங்கையிலிருந்து எழுதுகிறேன். 2021 மே மாதம் எங்கள் அரசாங்கம் இரசாயனப் பசளை (உரம்) இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தது. உருளையும் கரட்டும் லீக்ஸும் போடுகிற எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றோம். சேதனப் பசளை (இயற்கை உரம்) போதுமான அளவுக்கு எங்கேயும் இல்லை. என் தோட்டத்தில் அந்தப் போகம் அடியிலைகள் நேரத்தோடே மஞ்சளித்தன. கிழங்கு கோலிக்குண்டு அளவில் நின்றுவிட்டது. அது ருசியாக இருந்ததா என்று கேட்காதீர்கள், விதைக்கிழங்கின் கடனே அடையவில்லை. நவம்பரில் தடையை எடுத்தார்கள். எருவை நான் வெறுக்கவில்லை, இப்போதும் போடுகிறேன். ஆனால் 'விட்டுவிடுங்கள்' என்ற சொல்லை அவ்வளவு லேசாகச் சொல்லாதீர்கள், தம்பி.

எருக்குழி:
ஐயா, நீங்கள் பட்டது பெரிய கஷ்டம். எல்லோரும் நாளைக்கே விட வேண்டும் என்று நான் சொன்னது தப்பு. ஆனாலும் எருவே போடாமல் காம்ப்ளக்ஸ் என்ற கலப்பு ரசாயன உரத்தை மட்டும் வருஷக்கணக்கில் போட்ட மண் கல்லாக இறுகிக் கிடப்பதை என் பக்கத்துத் தோட்டத்தில் பார்க்கிறேன். மண்வெட்டி இறங்கவில்லை. அங்கே கிழங்கு கோணல்மாணலாக வருகிறது. அதற்கும் பதில் வேண்டும்.

மண்வாசி:
அது நியாயமான கேள்வி. தொழு உரத்தை விட்டுவிட்டு மூட்டை உரத்தை மட்டும் போடச் சொல்லி எந்தப் பரிந்துரையும் இல்லை. ஹெக்டேருக்கு 15 டன் தொழு உரம் என்று முதல் வரியிலேயே இருக்கிறது. செலவுக்குப் பயந்து அந்த வரியைத் தாண்டிவிடுகிறோம்.

கேத்தித்தோட்டம்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். வருகிற நீர்போகத்தில் நாலு பாருக்கு (நடவு வரிசைக்கு) 30ஆம் நாளோடு யூரியாவை நிறுத்துகிறேன். தோண்டுவதற்குப் பத்து, பதினைந்து நாள் முன்னால் தண்டை அறுத்துவிட்டுத் தோலை இறுக விடுகிறேன். மற்ற பார்களில் பழையபடி. மாவு கூடியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மண்வாசி:
வீட்டிலேயே பார்க்கலாம். 11 டம்ளர் தண்ணீரில் ஒரு டம்ளர் உப்பைக் கரையுங்கள். மாவுள்ள கிழங்கு அடியில் போய் உட்காரும், தண்ணீர்க் கிழங்கு மிதக்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே அளவில் பத்துப் பத்துக் கிழங்கு எடுங்கள்.

எருக்குழி:
தோண்டும் நாளைச் சொல்லுங்கள் அண்ணா. என் கிழங்கும் ஒரு பத்து எடுத்துக்கொண்டு வருகிறேன், அதே பாத்திரத்தில் போட்டுப் பார்ப்போம்.