பதினொரு மாதக் குடித்தனக்காரருக்குச் சங்கத்தில் வாக்கு எதற்கு?

உபநகரவாசி எழுதியது:

கெங்கேரி உபநகரத்தில் எங்கள் பகுதிக் குடியிருப்போர் சங்கத்தின் பொதுக்குழு வரும் ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. வாடகைக்கு இருப்பவர்களையும் பிஜி (பேயிங் கெஸ்ட்) விடுதி மாணவர்களையும் வாக்குரிமையுள்ள உறுப்பினர்களாகச் சேர்க்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வருகிறது. நான் எதிர்த்து வாக்களிக்கப் போகிறேன். பெங்களூர்த் தமிழர் பலர் இங்கே படிப்பதால் என் காரணத்தை முன்வைக்கிறேன்; மறுப்பவர்கள் மறுக்கலாம்.

1996இல் நான் இங்கே வீட்டுமனை வாங்கியபோது கெங்கேரி பெங்களூரில் சேர்ந்ததல்ல. மைசூர் சாலையில் பல்கலைக்கழக வளாகத்தைத் தாண்டி, தனக்கென ஒரு பட்டண சபை வைத்துக்கொண்டிருந்த சிற்றூர் அது. 2007இல் சுற்றியிருந்த நகரசபைகளையும் 110 கிராமங்களையும் சேர்த்துப் பெருநகர மாநகராட்சி அமைத்தபோது எங்கள் பட்டண சபையும் அதில் கரைந்தது. சபை கரைந்தாலும் எங்கள் தெருவில் ஊர் மிச்சமிருந்தது. பொங்கலன்று தமிழ் வீடுகளின் வாசலில் பால் பொங்கும். எதிர்வீட்டுக் கன்னடக்காரர் எள்ளும் வெல்லமும் தட்டில் வைத்துக்கொண்டு வருவார். நவம்பர் முதல் தேதி, கர்நாடக மாநில நாளான ராஜ்யோத்சவத்தின் கொடிக்கு நாங்களும் வசூல் கொடுப்போம்.

2021 ஆகஸ்டில் மெட்ரோ கெங்கேரி வரை வந்தது. அதன்பிறகு இடித்துக் கட்டுகிற வீடெல்லாம் பிஜியாகவே எழும்புகிறது. தேர்வு முடிந்த வாரத்தில் எங்கள் தெருமுனையைப் பார்க்க வேண்டும்: பஞ்சு பிதுங்கிய மெத்தை, கைப்பிடி உடைந்த வாளி, ஒற்றைச் செருப்பு, நனைந்து ஊறிய நோட்டுக் கட்டு, எல்லாம் டிரான்ஸ்ஃபார்மரின் அடியில் குவிந்து கிடக்கும். பதினொரு மாதத்தில் பெட்டி கட்டுகிறவருக்கு, இருபது ஆண்டு உழைக்க வேண்டிய மழைநீர் வடிகாலைப் பற்றி என்ன அக்கறை இருக்க முடியும்?

நீர்க்குமிழி எழுதியது:

ஐயா, நான் பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தின் ஞானபாரதி வளாகத்தில் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கும் தருமபுரிப் பெண். முதலாண்டு பிஜியில் இருந்தேன். இப்போது மூன்று பேராகச் சேர்ந்து உங்கள் உபநகரத்திலேயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். அந்தக் குவியலை நானும் தாண்டித்தான் போகிறேன். வாளியும் செருப்பும் எங்களுடையவையாக இருக்கலாம், அதற்கு வெட்கப்படுகிறேன். ஆனால் மெத்தை எங்களுடையதல்ல. பிஜிக்காரர் கட்டிலோடு சேர்த்துக் கொடுக்கிற மெத்தை அது. நைந்து போனதும் அவரே ஆள் வைத்து இரவோடு இரவாக வெளியே போடுகிறார். அவர் உங்கள் சங்கத்தின் உறுப்பினர். அவருக்கு வாக்கு உண்டு, அந்தக் கட்டடத்தில் படுத்தெழுகிற மாணவர் ஒருவருக்கும் இல்லை. பிஜியில் ஆளுக்குக் குறைந்தது 70 சதுர அடி இடமும் நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீரும் தர வேண்டும் என்று 2024இல் மாநகராட்சி நெறிமுறை வகுத்தது. அதை அவரிடம் உங்கள் கூட்டத்தில் யார் கேட்பார்கள்?

பதினொரு மாதம் என்று ஒப்பந்தம் எழுதுவது நாங்கள் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும், முத்திரைச் செலவு ஆகும் என்பதால் வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்துக்கொண்ட கணக்கு அது. பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, இவர்கள் நிலையில்லாதவர்கள் என்று எங்களைச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

மூன்றாவது குறுக்குத் தெருவில் பால் பூத்துக்கு முன்னால் இருக்கிற தெருவிளக்கு தீபாவளிக்கு முன்பிருந்தே எரியவில்லை. அந்தக் கம்பத்தின் அடியில் நடைபாதைக் கல் ஒன்று பெயர்ந்து, கீழே ஓடுகிற சாக்கடை தெரிகிறது. ஆய்வுக்கூடம் முடிந்து எட்டரைக்கு மெட்ரோவிலிருந்து இறங்கி வரும்போது கைப்பேசி வெளிச்சத்தில் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக் கடக்கிறோம். சங்கத்தில் சொன்னபோது, “உங்க ஓனரைச் சொல்லச் சொல்லும்மா” என்றார்கள். எங்கள் ஓனர் துபாயில் இருக்கிறார். அந்தக் கல் அவர் காலில் ஒருநாளும் இடறப் போவதில்லை.

பழைய பேட்டை எழுதியது:

இருவருமே உபநகரத்தைக் கெங்கேரி என்கிறீர்கள். ரயில் நிலையத்துப் பக்கம் இருக்கிற பழைய ஊர்க்காரனாகிய எனக்கு நீங்கள் இருவரும் குடிவந்தவர்கள்தாம். இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை, வரிசையில் யார் முன்னால் நிற்கிறார் என்பது எங்கிருந்து எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது.

எனக்கு இங்கே மளிகைக் கடை. காவிரித் தகராறில் 2016 செப்டம்பர் 12ஆம் தேதி நாயண்டஹள்ளிப் பக்கம் பேருந்துகள் எரிந்துகொண்டிருந்தபோது, சரக்கு ஏற்றி வந்த என் வேன் தமிழ்நாட்டுப் பதிவெண்ணோடு கடைவாசலில் நின்றது. பக்கத்து வீட்டில் குடியிருந்த ஹாசன்காரர் ஒருவர் தம் காம்பவுண்டுக் கதவைத் திறந்து வேனை உள்ளே விடச் சொல்லி, மேலே தார்ப்பாய் போட்டு மூடி, கதவருகே நாற்காலி போட்டு இரவு முழுக்க உட்கார்ந்திருந்தார். அவரும் வாடகைக்காரர்தான். ஆகவே வாடகைக்காரருக்கு ஊர்ப்பற்று இராது என்கிற பேச்சை நான் ஒப்பமாட்டேன்.

ஆனால் தீர்மானத்தையும் நான் ஆதரிக்கவில்லை. இதுவரை உங்கள் சங்கத்தில் பெரும்பாலும் பேசி ஒத்துப்போய்த்தான் காரியம் நடந்திருக்கும். வாக்காளர் பட்டியல் நீண்டால், கை தூக்குகிறவர்களை எண்ணுகிற பழக்கம் வரும். எண்ணத் தொடங்கினால் தமிழ் வீடு எத்தனை, கன்னட வீடு எத்தனை, வடக்கிலிருந்து வந்தவர் எத்தனை என்று எண்ணுவார்கள். அந்தக் கணக்கில் தோற்பது யார் என்று 1991 காவிரிக் கலவரத்தைப் பார்த்த தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சட்டப்பித்தன் எழுதியது:

ராஜாஜிநகரிலிருந்து, கேட்காமலேயே குறுக்கிடுகிறேன். 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 20ஆம் பிரிவு, ஒரு தொகுதியில் வீடு வைத்திருக்கிறார் என்கிற காரணம் மட்டுமே ஒருவரை அங்கே வழக்கமாக வசிப்பவராக ஆக்கிவிடாது என்கிறது. நாட்டையே ஆளும் வாக்குக்குப் பத்திரம் வேண்டாம், வசிப்பு போதும். தெருவிளக்குக்கு மட்டும் கிரயப் பத்திரம் வேண்டுமா?

சங்கம் தனியார் அமைப்புதானே என்று பதில் வரும் என்பது தெரியும். இந்த நகரத்தின் பழைய மாநகராட்சிக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015இல். அந்த மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. 2025 செப்டம்பரில் மாநகராட்சியையே ஐந்தாகப் பிரிக்கிற வரை எந்த வார்டிலும் கார்ப்பரேட்டர், அதாவது தேர்ந்தெடுக்கப்பட்ட மன்ற உறுப்பினர், கிடையாது. அந்த ஐந்தாண்டும் அதிகாரிகள் பேச்சுக் கேட்டது சங்கங்களிடம்தான். கார்ப்பரேட்டரின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் தனியார் என்பது சரியல்ல.

உபநகரவாசி எழுதியது:

சட்டப்பித்தன் சொன்ன பிரிவை ஏற்கிறேன். அது இங்கே பொருந்தும் என்பதை ஏற்கவில்லை. அரசாங்கம் வரி வாங்குகிறது, நாங்கள் சந்தா வாங்குகிறோம். தராதவரைப் பிடித்து வைக்க எங்களிடம் போலீஸ் இல்லை. மெத்தை விஷயத்தில் தங்கை சொன்னது சரியாக இருக்கலாம். அந்த பிஜிக்காரரைக் கூட்டத்தில் நானே கேட்கிறேன்.

ஆனால் 2024 கோடையை நினைத்துப் பாருங்கள். எங்கள் பொது போர்வெல் மார்ச்சில் காற்றைக் கக்கியது. மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்கும், குழாயில் ஒரு இருமல் மட்டும் வரும், பிறகு துருப்பிடித்த சொட்டு. டேங்கருக்கு முன்பதிவு செய்துவிட்டு இரவு இரண்டு மணிக்கு அதன் ஹாரனுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தோம். வீட்டுக்காரர்கள் கைக்காசு போட்டு ஆழப்படுத்தினோம். அந்த மாதத்தில் எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்த இரண்டு குடும்பங்கள் காலி செய்துகொண்டு போயின. அவர்களைக் குறை சொல்லவில்லை. தண்ணீர் இல்லாத இடத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு யார் இருப்பார்கள்? ஆனால் அவர்களுக்குப் போக ஒரு இடம் இருந்தது. ஓய்வூதியப் பணம் முழுவதையும் செங்கல்லாக மாற்றிவிட்ட எனக்கு அது இல்லை. போக முடியாதவனுடைய வாக்கும் போக முடிந்தவனுடைய வாக்கும் ஒரே எடை என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

நீர்க்குமிழி எழுதியது:

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, ஐயா. போர்வெல்லுக்குக் கைக்காசு போட்டவர்கள் அந்தக் கணக்கைத் தாங்களே தீர்மானிப்பது நியாயம் என்றே எனக்கும் படுகிறது. ஆனால் டேங்கர் காசு வாடகைக்காரரிடமும் மாதாமாதம் தனியாக வாங்கப்பட்டது. அடுத்த ஆண்டு வாடகை ஏறியபோது, போர்வெல் போட்டோமே என்பதும் காரணமாகச் சொல்லப்பட்டது. முதல் உங்களுடையது, வட்டி எங்களிடமிருந்து.

நீண்ட காலக் கவலை வீட்டுக்காரருக்கு மட்டுமே உரியது என்பதையும் ஒப்பமாட்டேன். முதல் பருவத்தில் விருஷபாவதியில் மாதிரி எடுக்கப் போனோம். பசவனகுடியில் ஊற்றாகப் பிறக்கிற ஆறு என்று பாடத்தில் படித்துவிட்டுப் போன எனக்கு, கெங்கேரிப் பாலத்தடியில் கயிற்றில் கட்டி இறக்கிய புட்டி கறுப்பாக மேலே வந்தது. கழுத்தளவு நுரை, கையுறையைக் கழற்றிய பின்பும் விரலில் அழுகின முட்டை வாடை. இந்தத் தண்ணீர்தான் பைரமங்கலா ஏரிக்குப் போய், பிறகு அர்க்காவதியில் கலந்து, சங்கமத்தில் காவிரியைச் சேர்கிறது. காவிரி எங்கள் மாவட்டத்துக்குள் ஒகேனக்கல்லில்தான் இறங்குகிறது. நான் அறையைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போனாலும் உங்கள் தெருச் சாக்கடை என் பின்னாலேயே வருகிறது.

பழைய பேட்டை அவர்களே, எண்ணிக்கை வரும் என்று அஞ்சுகிறீர்கள். அந்த ஹாசன்காரர் கூட்டத்துக்கு வந்திருந்தால் எந்தப் பக்கம் கை தூக்கியிருப்பார் என்றும் யோசித்துப் பாருங்கள்.

பழைய பேட்டை எழுதியது:

யோசித்தேன். அவர் மாற்றலாகிப் போய் ஆறு வருடம் ஆகிறது, தங்கச்சி. உகாதிக்கு மட்டும் தொலைபேசியில் பேசுவார். கை தூக்குகிற ஆள் இல்லை அவர். எழுந்துபோய்ச் செய்துவிட்டு வருகிற ஆள். என் அச்சம் அப்படியேதான் இருக்கிறது.

உபநகரவாசி எழுதியது:

நேற்றுக் கூட்டம் நடந்தது. தீர்மானம் வாக்கெடுப்புக்கு வரவில்லை. குறைந்தபட்ச வருகை இல்லாததால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள். வாக்குரிமை உள்ளவர்களில் பத்தொன்பது பேர்தான் வந்தோம் என்பதை எழுதக் கூச்சமாக இருக்கிறது; சட்டப்பித்தன் இதைப் பிடித்துக்கொள்வார், பிடித்துக்கொள்ளட்டும். பிஜிக்காரர் வரவில்லை. அடுத்த கூட்டத்திலும் நான் எதிர்த்துத்தான் வாக்களிப்பேன்.

தங்கை நீர்க்குமிழி, விளக்கு விஷயத்தைப் புகார் நோட்டில் என் பெயரில் எழுதியிருக்கிறேன். கம்பத்தின் எண்ணைக் கேட்கிறார்கள். கம்பத்தில் ஆள் உயரத்துக்குப் பெயின்டில் எழுதியிருக்கும், பார்த்துச் சொல்லவும்.

நீர்க்குமிழி எழுதியது:

நன்றி, ஐயா. இன்று இரவு பார்த்தேன். எண்ணின் மேல் “பிஜி காலி இருக்கிறது” என்கிற விளம்பரத்தை ஒட்டியிருக்கிறார்கள். நகத்தால் சுரண்டியதில் கடைசி இரண்டு இலக்கம் தெரிகிறது, 47. மீதியை நாளைக் காலை வெளிச்சத்தில் தண்ணீர் நனைத்துக் கிழித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.