தோட்டத்து வீட்டின் வயசு: பழைய பத்திரம் வைத்திருப்பவர்கள் படம் எடுத்து அனுப்புங்கள்

சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம். தோட்டத்து வீட்டை இடித்துப் பிரித்துவிடலாம் என்று பேச்சு வந்ததிலிருந்து அதன் கதையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பிரிப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பேசுவோம், முதலில் அது என்ன வீடு என்று நமக்குத் தெரிய வேண்டும்.

வாசல் நிலையில் "பார்த்திப வருஷம் தை மாதம்" என்று செதுக்கியிருக்கிறது. அறுபது வருஷச் சுற்றில் அது 1886 தையாகவும் இருக்கலாம், 1946 தையாகவும் இருக்கலாம். பெரியவர்கள் எல்லோரும் முதலாவதைத்தான் சொல்லி வந்தார்கள்.

பட்டா, சிட்டாவில் வீட்டைத் தேடிப் பயனில்லை, அங்கே நிலம்தான் பேசும். இணையத்தில் வில்லங்கம் போட்டால் பெரும்பாலும் 1975க்கு முன்னால் போகாது. அதற்கு முந்தையது வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும், அதுவும் யூ.டி.ஆர். என்ற நில ஆவணப் புதுப்பிப்புக்கு முந்தைய பழைய சர்வே எண்ணோடு.

நல்லவேளையாகச் சின்ன அப்பாரு வீட்டுத் தகரப் பெட்டியில் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தது. தேதி இருந்த இடத்தைக் கரையான் தின்றுவிட்டது. ஆனால் முத்திரைத்தாளில் ராஜா தலை அப்படியே இருக்கிறது, தாடியோடு. ஆறாம் ஜார்ஜுக்குத் தாடி கிடையாது, இது ஐந்தாம் ஜார்ஜ், அப்படியென்றால் தாள் 1910க்கும் 1936க்கும் இடைப்பட்டது. சொத்து விவரத்தில் இரண்டு கவலை (மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் அமைப்பு) ஓடும் கிணறு, களம், வேப்பமரங்கள், மாமூல் வண்டித்தடம், கூரைச் சாளை (கூரை வேய்ந்த குடிசை) என்று ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார்கள். ஓட்டு வீடு என்ற பேச்சே இல்லை. வேப்பமரத்தைக்கூட விடாமல் எழுதியவர்கள் இருந்த வீட்டை விட்டிருப்பார்களா? அதனால் வீடு 1946தான் என்பது என் முடிவு.

சமையல்கட்டு மேல் இருக்கும் பாசல் மிஷன் (சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ அமைப்பு) முத்திரை போட்ட ஓட்டைக் காட்டி மறுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த மிஷன் 1865இல் மங்களூரில் ஓட்டுச் சூளை தொடங்கியது உண்மை. முதல் உலகப் போரில் அதன் தொழிற்சாலைகள் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் அந்த முத்திரை பழையது என்பதும் சரிதான். ஆனால் ஓடு கழற்றி மாட்டக்கூடியது, இடித்த வீட்டு ஓட்டை வாங்கிப் போடுவது அன்றைக்கும் உண்டு. கிணற்று மேட்டுக் கல்லில் வடம் அறுத்த தடத்தைப் பாருங்கள், விரல் முழுசாக உள்ளே போகிறது. இந்தத் தோட்டத்தில் வீட்டைவிடக் கிணறுதான் மூத்தது.

கூரைச் சாளை ஓட்டு வீடாக மாறக் காசு எங்கிருந்து வந்தது என்பதுதான் மிச்சம். ஆத்தாவின் நகை போனது என்று அத்தைமார் சொல்வதை நான் நம்புகிறேன். 1989 சட்டத்துக்கு முன்னால் பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சமபங்கு இல்லை, பாகப் பத்திரங்களில் அவர்கள் பெயரும் பெரும்பாலும் வராது. ஆனால் அடமானப் பத்திரமோ கடிதமோ ஏதாவது இருக்கும். அத்தை வீட்டுப் பிள்ளைகளே, உங்கள் பெட்டிகளைத்தான் முதலில் திறக்க வேண்டும். படம் எடுக்கும்போது தாளின் பின்பக்கத்தையும் எடுங்கள், முத்திரைத்தாள் விற்றவர் யாருக்கு, என்றைக்கு விற்றார் என்று அங்கேதான் எழுதியிருப்பார்.