பன்றிக்கறியில் சால்மோனெல்லா கிருமி: பழி பண்ணைக்கா, அறுப்புக்கூடத்துக்கா?

வள்ளியூர் கொட்டகை:
வெட்டுமேசையில துடைச்ச பஞ்சுல சால்மோனெல்லா வந்தா, "ஹோட்டல் கழிவு தின்ன பன்னி"ன்னு பண்ணைக்காரன் தலையில கட்டிருதாங்க. கழிவைக் கொதிக்க வச்ச தீனியில அது பிழைக்காது. அறுப்புக்கூடத்தைப் பாருங்க. மயிர் இளக அறுத்த பன்னியை முக்குற வெந்நித் தொட்டி 60–62 டிகிரியில நிக்கணும். பன்னியை இறக்க இறக்கச் சூடு குறைஞ்சு, கிருமி தப்பிச்சிரும். அடுத்து மயிர் எடுக்குற மெஷின். ரப்பர் பட்டை அடிச்சு உருட்டும்போது மலவாய் வழியா சாணி பிதுங்கி, பின்னால வர்ற உடம்பு மேலயெல்லாம் அப்புது.

ராமையன்பட்டி மாணவன்:
தீனி கொதிச்சா சாகும், சரி அண்ணாச்சி. பச்சைக் கழிவு அள்ளின வாளியிலயே ஆறின தீனியையும் அள்ளினா? எலிப்புழுக்கை, சிமெண்டுத் தொட்டி வெடிப்புல காய்ஞ்சு கிடக்குற பழைய தீனி எல்லாம் பண்ணைக்குள்ளதான் இருக்கு. குடலை ஒட்டின நிணநீர்க் கட்டியில கிருமி இருந்தா, அது பன்னி உயிரோட இருக்கும்போதே ஏறினது.

வள்ளியூர் கொட்டகை:
உயிரோடன்னா பண்ணையிலதான்னு ஆயிருமா தம்பி? அறுக்குறதுக்கு முன்ன பன்னியை நிறுத்துற காத்திருப்புப் பட்டியில, முந்தி நின்ன பன்னியோட சாணியைக் கழுவாம விட்டா, ரெண்டு மூணு மணி நேரம் நின்னாலே நல்ல பன்னிக்கும் தொத்திரும். இது சோதனையில கண்டது.

ராமையன்பட்டி மாணவன்:
அதனாலதான் வண்டி ஏத்துறதுக்கு முன்னாலயே பண்ணையில மாதிரி எடுக்கணும்ங்கேன். கிருமி விட்டுவிட்டுத்தான் சாணியில வரும். ஒரு தடவை இல்லைன்னு வந்தா நம்பக்கூடாது. ஒவ்வொரு பட்டியிலயும் பல இடத்துல சாணியைக் கிள்ளி, கலந்து 25 கிராம். நம்ம வெயிலுக்கு ஐஸ்பெட்டி கட்டாயம். பிறகு காலி வண்டித் தரை, பன்னி இறங்குமுன்ன காத்திருப்புப் பட்டி, முதல் அறுப்புக்கு முன்ன கத்தியும் ரப்பர் பட்டையும். கடைசியில அதே காதுவில்லை (காதுல மாட்டுற அடையாள வில்லை) உள்ள பன்னியோட நிணநீர்க் கட்டி, தோல்ல நாலு இடம் துடைச்ச பஞ்சு, இடத்துக்கு 100 சதுர செ.மீ. பண்ணை, அறுப்புக்கூடம் ரெண்டு இடத்துலயும் டைஃபிமூரியம்ங்கிற சால்மோனெல்லா வகை வந்துட்டா போதாது, அது எங்கயும் கிடைக்கும். ரெண்டு கிருமியோட மரபணு வரிசையும் ஒத்துப்போகணும்.

தென்காசி கறிக்கடை:
சின்ன கடையில தொட்டியும் இல்ல, மெஷினும் இல்ல. வெந்நி ஊத்திச் சுரண்டி, தீயில வாட்டுதாங்க. வாட்டினதும் தோல்ல கிருமி நல்லா குறைஞ்சிரும். கெடுக்கது அதுக்குப் பிறகு. மலக்குடலைச் சுத்தி அறுத்ததும் பாலிதீன் பையில கட்டணும், யாரும் கட்டுறதில்ல. கத்தி ரெண்டு வேணும், ஒண்ணு எப்பவும் 82 டிகிரி வெந்நியில.

வள்ளியூர் கொட்டகை:
இதைத்தான் சொல்லுதேன். காதுவில்லையை வாசல்லயே பிடுங்கி எல்லாப் பன்னியையும் ஒண்ணாக் கலந்துட்டு, எந்தப் பண்ணைன்னு எப்படிச் சொல்லுவீங்க?

ராமையன்பட்டி மாணவன்:
சொல்ல முடியாது. நிணநீர்க் கட்டி எடுக்குற வரைக்கும் வில்லை காதுலயே இருக்கணும். ஆனா அண்ணாச்சி, அந்த வாளிக்கு இன்னும் பதில் வரல.