விளக்கை 'டிம்' செய்வதற்குத் தமிழில் என்ன?

காட்பாடியிலிருந்து:
நண்பர்களே, வணக்கம். சனிக்கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பயிற்சி. வீட்டு வைஃபையில் இணைந்த ஈஎஸ்பி8266 சில்லைக் கொண்டு, கைப்பேசியிலிருந்தே எல்இடி விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பாடம். மைக்ரோகண்ட்ரோலருக்கு 'நுண்கட்டுப்படுத்தி' இருக்கிறது. 'டிம்மிங்'தான் இடிக்கிறது. கரும்பலகையில் 'மங்கல்' என்று எழுதினேன். "விளக்கு பழுதாகிவிட்டதா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நாளை மாலைக்குள் கையேடு அச்சுக்குப் போக வேண்டும்.

குடியாத்தத்திலிருந்து:
அம்மா, 601ஆம் குறளில் 'குன்றா விளக்கம்' வருகிறதே! அப்படியானால் குறைப்பது குன்றல்; கருவி 'ஒளிக்குன்றி'. மலையில் சிறியது குன்று, மணியில் சிறியது குன்றிமணி. எல்லாம் ஒரே வேர் என்பேன். இரத்தினகிரியைக் குன்று என்கிறோம், ஏலகிரியை மலை என்கிறோம்.

ஆரணியிலிருந்து:
ஐயா, பிள்ளைகள் குன்றிமணியைத் தேடப் போய்விடுவார்கள். விளக்குக்கென்றே இருக்கும் சொல் தூண்டல். திரியைத் தூண்டுகிறோம், அதற்குத் தூண்டுகோல் வைத்திருக்கிறோம். 'ஒளித்தூண்டல்' போதும்.

காட்பாடியிலிருந்து:
இயற்பியலில் 'மின்காந்தத் தூண்டல்' உட்கார்ந்திருக்கிறது, ஐயா. தூண்டினால் வெளிச்சம் கூடத்தானே செய்யும்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். எரியும்போது விளக்கு முழு வீச்சில்தான் எரிகிறது. சில்லு அதை நொடிக்கு ஆயிரம் முறை அணைத்து ஏற்றுகிறது. முழு வெளிச்சத்துக்கான எண் 255; அதற்குப் பதில் 64 என்று கொடுத்தால் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ கால் பங்கு நேரம் மட்டுமே எரியும். கண்ணுக்குத் துடிப்பு தெரியாது, வெளிச்சம் இறங்கியதாகவே தெரியும். என் பாட்டி அரிக்கேன் விளக்கின் பக்கத் திருகைக் காட்டி, "சன்னமாக வை" என்பார். அதில் பழுதும் இல்லை, அணைவும் இல்லை. 'சன்னமாக்கல்' என்று வைத்தால் என்ன?

குடியாத்தத்திலிருந்து:
சன்னம் தெலுங்கு, அம்மா. சித்தூர் எல்லை பக்கத்தில் இருப்பதால் நம் நாவில் ஒட்டிக்கொண்டது. பாடத்தில் ஏற்றலாகாது.

ஆரணியிலிருந்து:
கொள்முதல் நிலையத்தில் 'சன்ன ரக நெல்' என்றுதானே எழுதுகிறார்கள்? நெல் விளைவிக்கும் ஆரணிக்காரனிடம் அந்தச் சொல்லை அயல் என்று சொல்லாதீர்கள்.

ஆம்பூரிலிருந்து:
அச்சகம் காத்திருக்கிறது. 'ஒளிக்குறைப்பு' என்றால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். எனக்குத் தனி மடலில் எழுதிய மூவருக்கும் அதுவே சம்மதம்.

குடியாத்தத்திலிருந்து:
மின்வெட்டு என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள். எனக்கு உடன்பாடில்லை.

காட்பாடியிலிருந்து:
கையேடு 'ஒளிக்குறைப்பு' என்றே அச்சுக்குப் போய்விட்டது. சனிக்கிழமை கரும்பலகையில் 'சன்னமாக வை' என்று எழுதப்போகிறேன்.