தேரியில் ஒற்றை ஆள், முக்கால் பங்கு வானம்: இது உருவப்படமா, நிலக்காட்சியா?

#1 சாரல்காத்து

இணைத்திருக்கிற படத்தைப் பார்த்துத் தாராளமாக அடிங்க, தாங்கிக்கிடுதேன்.

திருச்செந்தூர் பக்கத்துச் செம்மணல் மேடு, குதிரைமொழித் தேரி. பனையேறுகிற பெரியவர் வலது கீழ் மூலையில் நிற்கிறார், பார்வை வலப்பக்கம். கேமரா தரையிலிருந்து ஒரு சாண் உயரம். 24 எம்.எம். அகல லென்ஸ், எஃப் 8, 1/500, ஐ.எஸ்.ஓ. 100, வானத்தை அடர்நீலமாக்குகிற போலரைசர் ஃபில்டர். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம், படுக்கை வாட்டம். கீழே கால் பங்கு செம்மணல், மேலே முக்கால் பங்கு மேகமில்லாத வானம். ஆளின் உயரம் படத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு.

அவருடைய மணிவிழா அழைப்பிதழுக்கும் (5×7 அங்குலம்), வீட்டுக் கூடத்தில் மாட்டுகிற 20×30 அங்குல ஃப்ரேமுக்கும் இதே படம்தான் என்று யோசனை. நெகட்டிவ் ஸ்பேஸும் (ஆளைச் சுற்றி விடுகிற வெற்றிடம்) தாழ்ந்த கோணமும் சேர்ந்தால் ஆளுக்குக் கம்பீரம் வரும் என்பது என் கட்சி.

#2 ஆல்பம் அண்ணாச்சி

தம்பி, படம் நல்லாருக்கு. ஆள் எங்கடே?

கணக்கப் போட்டுப் பாரு. உன் படம் 6000×4000. ஆறில் ஒரு பங்குன்னா ஆள் 667 பிக்சல். நிக்குத ஆளு ஏழரைத் தலை உயரம், அப்ப தலை 90 பிக்சல். 30 அங்குல பிரிண்டுல ஒரு அங்குலத்துக்கு 200 பிக்சல் விழும், முகம் அரை அங்குலம்கூட வராது. 7 அங்குல அழைப்பிதழ்ல? மூணு மில்லிமீட்டருக்கும் கீழ. கடுகவிடக் கொஞ்சம் பெரிசு. பத்திரிகைய யாரு கையில வாங்கிப் பாக்கா, எல்லாம் போன்லதான். 1080 பிக்சல் அகலத் திரையில அந்தத் தலைக்கு 16 பிக்சல் கிடைக்கும். மணிவிழா யாருக்குன்னே தெரியாம எவனும் மொய் எழுத மாட்டான்.

இன்னொண்ணு, யாரும் வாயத் திறந்து சொல்ல மாட்டாவ, நான் சொல்லுதேன். வயசான ஒருத்தரைத் தனியா நிறுத்தி, பின்னால வெறும் வானத்தப் போட்டா நம்ம பக்கத்துல அதுக்கு ஒரே அர்த்தந்தான். திருநெல்வேலிச் சந்திப்புல இருந்து பேட்டை வரைக்கும் சுவத்துல ஒட்டியிருக்கானே கண்ணீர் அஞ்சலி போஸ்டர், அதான் ஞாபகம் வரும். மணிவிழாவுக்கு இத அனுப்பினா அந்த வீட்டு ஆச்சி உன்னைச் சும்மா விட மாட்டாவ.

#3 உப்பளத்தான்

அண்ணாச்சியின் கணக்கில் தப்பில்லை, முடிவில்தான் தப்பு. ஆள் சின்னதாகத் தெரிவதற்கு நெகட்டிவ் ஸ்பேஸ் மேல் பழி போடக்கூடாது. இரண்டும் வேறு வேறு.

முகம் 300 பிக்சல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 30 அங்குல பிரிண்டில் ஒன்றரை அங்குலம், அழைப்பிதழில் 9 மில்லிமீட்டர், போனில் 54 பிக்சல். ஆளை அடையாளம் காண அது போதும். தலை முதல் இடுப்புக்குக் கீழ் வரை நான்கு தலை உயரம், அதாவது 1200 பிக்சல். தோள் அகலம் சுமார் 650. பெருக்கினால் 7,80,000. மொத்தம் 2,40,00,000-இல் இது 4 சதவீதம்கூட இல்லை. முகம் மூன்று மடங்குக்கு மேல் பெரிதான பிறகும் 96 சதவீதம் வெற்றிடம்தான்!

அஞ்சலி போஸ்டர் விஷயம்: அந்த போஸ்டரின் இலக்கணம் நேர்முகம், மார்பளவு, நட்டநடு, பின்னால் ஒட்டிய மேகம். வெறும் வானம் மட்டும் அதைக் கொண்டுவராது. ஆளின் கால் மண்ணில் இருக்க வேண்டும், கையில் ஒரு வேலை இருக்க வேண்டும், பார்வை எங்கேயோ போக வேண்டும். பாளை சீவுகிற அருவாள் பெட்டியை இடுப்பில் கட்டியிருக்கிற ஒருவரைப் பார்த்து யாரும் 'மறைந்தார்' என்று படிக்க மாட்டார்கள்.

ஆனால் சாரல், உங்கள் படத்தில் பார்வை தப்பு. வலது மூலையில் நிற்கிறவர் வலப்பக்கமே பார்த்தால் அவர் ஃப்ரேமை விட்டு வெளியேறுகிறார், இடப்பக்கம் இருக்கிற அத்தனை வானமும் அவர் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. தனிமையையோ புறக்கணிப்பையோ காட்ட அப்படி வேண்டுமென்றே வைக்கலாம். மணிவிழாவுக்கு அல்ல. முகத்தை இடப்பக்கம் திருப்பினாலே அந்த வெற்றிடத்துக்கு வேலை வந்துவிடும்.

#4 பாளை கலர்மேசை

ரீடச்சிங் மேசையிலிருந்து நாலு வார்த்தை. கலை பற்றி நீங்கள் அடித்துக்கொள்ளுங்கள்.

எஃப் 8, 1/500, ஐ.எஸ்.ஓ. 100 என்றாலே நல்ல வெயில் என்று தெரிகிறது. கண்குழி கருப்பாக, மூக்கு நிழல் உதட்டில் விழுகிறது. முகம் சின்னதாக இருப்பதால் தப்பித்தீர்கள். 300 பிக்சலுக்குக் கொண்டுவந்தால் அத்தனையும் வெளியே தெரியும். மாலை ஐந்தரைக்கு மேல் எடுங்கள்.

வானத்தின் நடுவில் ஒரு கரும்பட்டை தெரிகிறது பாருங்கள், அது போலரைசரால். சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளியிருக்கிற வானத்தில்தான் அதன் வேலை அதிகம். 24 எம்.எம். அவ்வளவு அகலமாகப் பார்ப்பதால் ஒரு பகுதி கருநீலம், ஒரு பகுதி வெளிர்நீலம். வெறும் வானத்தையே பின்னணியாக வைக்கிறபோது இதைவிடக் கெட்ட கறை இல்லை. கழற்றிவிடுங்கள்.

இடது மேல் பக்கம் ஏழெட்டுச் சாம்பல் புள்ளி, சென்சார் தூசி. லென்ஸ் துவாரம் அகலமாகத் திறந்த எஃப் 2.8-இல் கண்ணுக்குப் படாது, துவாரம் சுருங்கிய எஃப் 8, எஃப் 11-இல் வரும். கூட்டமான பின்னணியில் ஒளிந்துகொள்ளும், வெற்று வானத்தில் மச்சம் மாதிரி நிற்கும். கிளம்புமுன் ஃபோகஸைக் கலைத்து எஃப் 16-இல் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். தேரியில் லென்ஸ் மாற்றவே கூடாது, அதுவும் ஆனி, ஆடிக் காற்றில்.

மூன்றாவது, பட்டைபட்டையாக உடைகிற வானம். ஜேபெக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். வெளிறிலிருந்து அடர்வுக்கு மெதுவாகப் போகிற வானத்தைக் கொஞ்சம் இழுத்தாலும் படிக்கட்டு தெரியும். ரா கோப்பாக (சென்சார் பதிந்தது பதிந்தபடி) எடுத்து, படிகள் பல மடங்கு அதிகமான 16 பிட்டில் திருத்தி, ஜேபெக் ஆக்குவதற்கு முன் மெல்லிய நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) தூவினால் படிகள் மறைந்துவிடும்.

#5 சும்மா பாக்கேன்

அந்தப் பட்டைய நான் மேகம்னு நெனச்சேன்.

#6 ஆல்பம் அண்ணாச்சி

நல்லாச் சொன்னீய தாயி. உப்பளம், உம்ம கணக்கும் சரிதான்வே, ஒத்துக்கிடுதேன். ஆனா அது ஒம்ம கணக்கு, தம்பி எடுத்தது இல்ல. அவன் இடுப்புல வெட்டலயே. இடுப்புல வெட்டுனா தேரி மணலு எங்க? செம்மண்ணு இல்லேன்னா ஸ்டூடியோவுல நீலத் துணிய மாட்டி எடுத்துட்டுப் போயிரலாமே, எதுக்குக் காயாமொழி வரைக்கும் பெட்ரோல் செலவு?

தரையில கேமராவ வச்சா கம்பீரம்னு எவன் சொன்னான்? மூக்குத்துவாரமும் தாடைக்குக் கீழ தொங்குத சதையுந்தான் வரும். போததுக்குக் காலு பெரிசு, தலை சிறுசு.

#7 உப்பளத்தான்

கோணத்தைத் தீர்மானிப்பது கேமராவின் உயரம் மட்டும் அல்ல, தூரமும் சேர்ந்துதான். 24 எம்.எம்.மில் அந்த அளவு வர ஆள் ஏறத்தாழ 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அங்கிருந்து முகத்தைப் பார்க்கிற கோணம் 8 டிகிரிதான். ஆகவே அண்ணாச்சி பயப்படுகிற மூக்குத்துவாரமும் இல்லை, சாரல் நினைக்கிற கம்பீரமும் இல்லை. கேமராவை மணலில் புதைத்ததில் கிடைத்தது மணல் மட்டும்தான்.

அதே கேமராவை ஒரு மீட்டரில் தரையில் வைத்தால் 55 டிகிரி, அண்ணாச்சி சொன்ன அத்தனையும் வரும். என் கணக்கில் 10 முதல் 15 டிகிரி வரை நிமிர்வு தெரியும். 25-ஐத் தாண்டினால் தாடை முகத்தை விழுங்கிவிடும். வயதானவர்களிடம் இன்னும் முன்னாலேயே.

மூலையில் வைத்ததற்கும் ஒரு விலை உண்டு. சாதாரண அகல லென்ஸ் நேர்கோட்டை நேராக வைக்கும், அதற்குப் பதிலாக ஓரத்திலிருக்கிற உருண்டைப் பொருளை மூலையை நோக்கி இழுக்கும். 24 எம்.எம்.மில் நடுவிலிருந்து 40 டிகிரி தள்ளியிருக்கிற தலை சுமார் 30 சதவீதம் நீளும். 50 எம்.எம்.மில் கடைசி மூலையிலேயே 9 சதவீதத்துக்குள். போதாக்குறைக்குக் கேமராவை மேலே சாய்த்ததால் ஆளும் பனையும் உள்பக்கம் சாய்ந்து நிற்கின்றன.

#8 சாரல்காத்து

அப்ப 50 எம்.எம்., இடுப்பளவு, வெறும் வானம். அண்ணாச்சி கேட்டதுதான் எனக்கும் கேள்வி, தேரி போயிருமே?

#9 உப்பளத்தான்

உட்கார வையுங்கள்.

சம்மணம் போட்டு உட்கார்ந்தவரின் மொத்த உயரம் ஏறத்தாழ நான்கு தலைதான். இடுப்பளவு படத்தின் அதே 1200 பிக்சலுக்குள் முழு ஆளும் அடங்கிவிடுவார், முகமும் 300 பிக்சல் இருக்கும், கீழே மணலும் இருக்கும்.

மணல்மேட்டின் விளிம்பில், கேமரா இருக்கிற மட்டத்தைவிட ஒரு மீட்டர் உயரத்தில் உட்காரட்டும். 50 எம்.எம்., 6 மீட்டர் தூரம், கேமரா தரையிலிருந்து ஒரு சாண். 15 டிகிரி கிடைக்கும். நெற்றியைக் கொஞ்சம் கேமரா பக்கம் நீட்டி, தாடையை அரை விரல் இறக்கச் சொன்னால் கழுத்துச் சதை இழுபடும். விளிம்புக்கோடு அவர் கழுத்தை வெட்டாமல் இடுப்புக்குக் கீழேயே ஓட வேண்டும். தலைக்குப் பின்னால் பனை முளைக்கக் கூடாது. இரண்டடி இடமோ வலமோ நகர்ந்தால் போதும்.

85 எம்.எம்.மில் எஃப் 1.8 வைத்துக் கிட்டப்போய் எடுக்கலாம் என்று யாராவது கிளம்புவீர்கள். 2 மீட்டரில் முன்னும் பின்னுமாகச் சேர்த்து 6 செ.மீ. ஆழம்தான் கூர்மையாக இருக்கும். நடுப்புள்ளியில் ஃபோகஸ் பிடித்துவிட்டு ஆளை ஓரத்துக்குக் கொண்டுபோக 11 டிகிரி திருப்பினால், கூர்மை கிட்டத்தட்ட 4 செ.மீ. பின்னால் போய்விடும். கண் மங்கி, கன்னம் பளிச்சென்று வரும். ஓரம்வரை கண்ணைத் துரத்துகிற மிரர்லெஸ் கேமரா என்றால் சரி. பழைய டி.எஸ்.எல்.ஆர். என்றால் எஃப் 5.6-க்குக் கீழே இறக்காதீர்கள்.

#10 பாளை கலர்மேசை

உட்கார்ந்தால் இன்னொரு சிக்கல் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். செம்மணல் முகத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும், வெயிலை வாங்கித் தாடையின் அடியில் சிவப்பாகத் திருப்பி அடிக்கும். மொத்தப் படத்தின் ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலை) நீலம் பக்கம் குளிர்ச்சியாக்கினால் மணல் செத்துப்போகும், வேட்டி நீலமாகும். நிறத்தைச் சரிபார்க்கிற சாம்பல் அட்டையான கிரே கார்டை மணலில் போடாமல் அவர் முகத்துக்கு முன்னால், கேமராவைப் பார்த்தபடி பிடித்து ஒரு படம். பிறகு தாடை நிழலுக்கு மட்டும் மாஸ்க் போட்டுச் சிவப்பைக் குறைக்க வேண்டும். எடுக்கும்போதே ஒரு வெள்ளை வேட்டியை நாலாக மடித்து அவர் மடிக்கு முன்னால், ஃப்ரேமுக்கு வெளியே விரித்துவிட்டால் பாதி வேலை மிச்சம்.

கேமராவின் ஒளி மீட்டரும் ஏமாற்றும். பெரிய வெளிர் வானத்தைப் பார்த்து மொத்தத்தையும் இருட்டாக்கும், கருத்த முகம் கரியாகும். முகத்தை மட்டும் அளக்க ஸ்பாட் மீட்டர் வைத்தால் எதிர்ப்பக்கம் தப்பு: அது எந்தத் தோலையும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும், நல்ல கருப்பு மாநிறமாகி வானம் வெளுத்துப் போகும். ஸ்பாட்டில் வந்த அளவைவிட முக்கால் ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதி) குறைத்து மேனுவலில் பூட்டுங்கள். வெயிலில் உழைத்த நிறம் அந்த நிறமாகவே இருக்கட்டும். 'கொஞ்சம் செவப்பாக்கிக் குடுங்க' என்கிற கோரிக்கையை நான் மேசையில் பார்த்துக்கொள்கிறேன்.

உப்பளத்தில் வெள்ளைப் பின்னணியில் எடுக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. கீழேயிருந்து வெள்ளை ஒளி இலவசமாக வரும், ஆட்டோவில் எடுத்தால் ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டினால் போதும்.

#11 ஆல்பம் அண்ணாச்சி

உக்கார வைக்கது நல்ல யோசனை. பெரியவரும் வெயில்ல நிக்காம இருப்பாரு.

ஆனா மொட்டை மாடியில ஏறி மேலருந்து எடுக்கேன்னு மட்டும் வராதீய. கலியாணப் பொண்ணக் கோலத்துக்குப் பக்கத்துல உக்கார வச்சு எடுத்தா அழகு. பெரியவரை அப்படி எடுத்தா குறுகிப் போவாரு, பாக்குதவனுக்குக் குனிஞ்சு பாக்குத மாதிரி இருக்கும்.

தம்பி, அழைப்பிதழுக்குத் தனியா ஒரு கணக்கு வச்சுக்கோ. சுத்தி 3 மில்லிமீட்டர் வெட்டுல போயிரும், ஆளைக் கடைசி மூலையில ஒட்ட வைக்காத. இடப்பக்கம் மேல கிடக்க வானம் மூணுல ரெண்டு பங்கு எனக்கு வேணும். பேரு, நாளு, மண்டபம், தாய்மாமன் வரிசை, எல்லாம் அங்கதான் போடணும்.

#12 உப்பளத்தான்

தாய்மாமன் வரிசையைப் போட்டால் அப்புறம் எங்கே அண்ணாச்சி வெற்றிடம்?

#13 ஆல்பம் அண்ணாச்சி

கூடத்துல மாட்டுத படத்துல இருக்கும்வே. அதுல நான் கை வைக்கல.

#14 சாரல்காத்து

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. 50 எம்.எம்., எஃப் 5.6, ரா, போலரைசர் இல்லாமல், மடித்த வேட்டியோடு. இடப்பக்கம் பார்க்கிற மாதிரி நாலு, கேமராவைப் பார்க்கிற மாதிரி நாலு. அக்கா, தூசிக்கு வெள்ளைச் சுவர் இப்பவே பார்த்தாச்சு: பதினொரு புள்ளி.