செந்தூவி மூடிய ராஸ்பெரிப் புதர்: எந்த இனம்?

கேள்வி
ஜப்பானில் மலைப்பாதையோரம், வெயில் படும் காட்டு விளிம்பில், ஆளுயரம் வளர்ந்து வில்லாக வளைந்து நின்ற ராஸ்பெரிப் புதர் ஒன்றைக் கண்டேன். தண்டு, இலைக்காம்பு, புல்லி இதழ் என எங்கும் மயிர் போன்ற செந்நிறத் தூவிகள் அடர்ந்திருந்தன. தொட்டால் விரலில் பிசுபிசுத்தது. மொட்டுப் போல மூடியிருந்த புல்லிவட்டத்தின் மேல் சிறு பூச்சியொன்று ஒட்டிக் கிடந்தது. கூட்டிலையில் மூன்று சிற்றிலைகள் இருந்தன. அவற்றின் அடிப்பக்கம் வெண்மை. இது எந்த இனம்? பூச்சியுண்ணும் தாவரமா?

மறுமொழி 1
நீங்கள் கூறும் அடையாளங்கள் அனைத்தும் ரூபஸ் ஃபீனிகோலேசியஸ் என்னும் இனத்துக்குப் பொருந்துகின்றன. சீனா, கொரியா, ஜப்பான் ஆகியவை இதன் தாயகம். ரஷ்யத் தாவரவியலாளர் மாக்சிமோவிச் 1872இல் இதற்கு இப்பெயரிட்டார். செந்நிறத் தூவியுடையது என்பதே பெயரின் பொருள். ஜப்பானியர் இதே தூவிகளின் நிறத்தைக் கண்டு, இறால் ஓட்டை நினைவூட்டும் வகையில் 'எபிகரா இச்சிகோ' என்கின்றனர்.

நீங்கள் மொட்டு என்று எண்ணியது பெரும்பாலும் இளங்காயாக இருக்கும். புல்லி இதழ்களை விடக் குட்டையான அல்லி இதழ்கள் உதிர்ந்ததும், புல்லிவட்டம் மீண்டும் மூடிக்கொண்டு காயைப் பொதிந்து வைக்கிறது. கனியும் தருவாயில்தான் விரிந்து, பளபளக்கும் செங்கனியை வெளிக்காட்டுகிறது. இந்த இனத்தில் எனக்கு மிகவும் பிடித்த பண்பு இதுவே.

பூச்சியுண்ணி என்று கொள்ள இடமில்லை. ஒவ்வொரு தூவியின் நுனியிலும் ஒட்டும் நீரைச் சுரக்கும் சுரப்பி உண்டு; ஆனால், பூச்சியுண்ணும் தாவரமான பனிப்பூண்டில் உள்ளது போலப் பூச்சியைச் செரிக்கும் நொதி இதில் கண்டறியப்படவில்லை.

மறுமொழி 2
ஒரு சேர்க்கை. ரூபஸ் பார்விஃபோலியஸ் இனத்துக்கும் பெரும்பாலும் மூன்று சிற்றிலைகளும் வெண்ணிற அடிப்பக்கமும் உண்டு என்பதால், இலையை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது; அது தாழ்ந்து படர்வது, இத்தகைய அடர்ந்த செந்தூவி அதற்கு இராது. ரூபஸ் கிராட்டெகிஃபோலியஸ் மடல்பட்ட தனியிலை கொண்டது, எளிதில் விலக்கிவிடலாம்.

தண்டின் வயதையும் கவனியுங்கள். வேர்த்தொகுதி பல்லாண்டு வாழ்ந்தாலும், தண்டு முதலாண்டில் இலை மட்டுமே விட்டு, மறு ஆண்டில் பூத்துக் காய்த்து மடிகிறது. வளைந்த தண்டின் நுனி மண்ணைத் தொட்ட இடத்தில் வேரூன்றிப் புதுச்செடியாகும். 1890 வாக்கில் கலப்பினப் பயன்பாட்டுக்காக வட அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்ட இச்செடி, அங்கே ஆக்கிரமிப்புத் தாவரமாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேட்டவர்
இருவருக்கும் மிக்க நன்றி. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விரிந்த புல்லிவட்டம் ஒன்றில் கனி இல்லை. நடுவே ஆரஞ்சு நிறக் கூம்பு மட்டும் நிற்கிறது. இது பூவின் உறுப்புகளைத் தாங்கும் பூத்தளமா?

மறுமொழி 1
ஆம். யாரோ, ஏதோ ஒரு பறவையோ, கனியைக் கொண்டு சென்றிருக்க வேண்டும். பல சிறுகனிகள் சேர்ந்த ராஸ்பெரியின் திரள்கனி பூத்தளத்தைச் செடியிலேயே விட்டுக் கழன்று வரும். பிளாக்பெரியில் அது கனியோடு சேர்ந்தே வந்துவிடும்.