மூன்றில் இரண்டு பங்கு அழியும் என்றால் அல்லேலூயாவா?

சத்துவாச்சாரி நர்ஸ் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது சி.எஸ்.ஐ. சபையில். என் மாமியார் வீட்டுப் பக்கத்து ஜெப வீட்டுக்குப் போகிறார். நைட் டியூட்டி இல்லாத வெள்ளிக்கிழமைகளில் உபவாச ஜெபத்துக்கு நானும் அவரோடு போவேன். போன வாரம் வெளியூரிலிருந்து ஒரு ஊழியர் வந்திருந்தார். சுவர் நீளத்துக்கு ஒரு பேனர், கடைசிக் கால அட்டவணை: ரகசிய வருகை (இயேசு விசுவாசிகளை ரகசியமாக எடுத்துக்கொள்வது), ஏழு வருட உபத்திரவம், கிறிஸ்துவின் எதிரியான அந்திக்கிறிஸ்து, அர்மகெதோன் என்ற கடைசி யுத்தம், ஆயிர வருட அரசாட்சி. 1948-இல் இஸ்ரேல் நாடு உருவானதுதான், இயேசு அடையாளமாகச் சொன்ன அத்திமரம் துளிர்த்தது என்றார்.

இதெல்லாம் முன்பே கேட்டதுதான். அப்புறம் சகரியா 13:8-ஐ எடுத்தார். உபத்திரவ காலத்தில் யூதரில் மூன்றில் இரண்டு பங்கு மாண்டுபோவார்கள், மீந்தவர்கள் இயேசுவை ஏற்றுக்கொள்வார்கள், ஆகவே அங்கே யுத்தம் வந்தால் நாம் களிகூர வேண்டும் என்றார். கூட்டம் முழுக்க ‘அல்லேலூயா’ என்றது. என் மாமியாரும் சொன்னார். எனக்கு வாய் வரவில்லை. வார்டில் ஒரு உயிர் போனாலே அந்தக் குடும்பத்தின் முகம் பல நாள் கண்ணில் நிற்கும். ஆட்டோவில் திரும்பும்போது ஆறாவது படிக்கும் என் மகள், “அந்த ஊர் சின்னப் பிள்ளைங்களுமாம்மா?” என்று கேட்டாள்.

வேதம் இதைத்தான் சொல்கிறதா? சபையே புதிய இஸ்ரவேல், அதாவது இப்போது தேவனுடைய ஜனம் சபைதான் என்று நான் படித்தேன். ஜெப வீட்டில் யூதர் வேறு, சபை வேறு என்கிறார்கள். ரோமர் 11-இல் அப்போஸ்தலன் பவுல் என்னதான் சொல்கிறார்?

குடியாத்தம் சகோதரன்

சகோதரி, ஸ்தோத்திரம். அந்த அட்டவணையை நானும் விசுவாசிக்கிறேன். தானியேல் 9-இன் எழுபதாவது வாரம், அதாவது அந்த ஏழு வருடம், இன்னும் நிறைவேறவில்லை. ஆபிரகாமுக்குத் தேவன் கொடுத்த வாக்கும் ரத்தாகவில்லை. எசேக்கியேல் 37-இல் இஸ்ரவேலுக்கு அடையாளமாக உயிர்பெறும் உலர்ந்த எலும்புகளை வாசித்துவிட்டு 1948-ஐ நினைக்காமல் இருக்க என்னால் முடியாது. ஆனால் அந்த அல்லேலூயா தவறு. எங்கள் சபை மூப்பர் இந்தப் பகுதியைப் போதிக்கும்போது முழங்காலில் நின்று யூதருக்காக ஜெபித்துவிட்டுத்தான் தொடங்குவார்.

ராணிப்பேட்டை ஓய்வு வாத்தியார்

அம்மா, உங்கள் வாய் வராமல் போனதற்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள். பவுலுக்கும் அப்படித்தான் இருந்தது. ரோமர் 11-க்கு ஓடுவதற்கு முன் 9-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தைப் படியுங்கள். தன் ஜனமான யூதரை நினைத்து மிகுந்த துக்கமும் இடைவிடாத மனவேதனையும் உண்டு என்கிறார். அவர்களுக்காகத் தானே சபிக்கப்பட்டாலும் சரி என்கிற அளவுக்குப் போகிறார். அந்தக் கண்ணீர் இல்லாமல் 11-ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்க ஒருவருக்கும் உரிமை இல்லை என்பேன்.

11-இல் அவர் பேசுவது யூதரல்லாத விசுவாசிகளிடம், அதாவது நம்மிடம். நாம் காட்டொலிவக் கிளைகள், நல்ல ஒலிவமரத்தில் ஒட்டவைக்கப்பட்டவர்கள். வேர்தான் நம்மைச் சுமக்கிறது, பெருமை பாராட்டாதே என்கிறார். ‘இஸ்ரவேலரெல்லாரும் இரட்சிக்கப்படுவார்கள்’ என்று 26-ஆம் வசனத்தில் முடிக்கிறார். எப்போது என்று தேதி கொடுக்கவில்லை, எத்தனை பேர் சாக வேண்டும் என்ற கணக்கும் கொடுக்கவில்லை.

சகரியா 13-க்கு வருவோம். எட்டாம் வசனத்துக்கு முந்தின வசனம், மேய்ப்பனை வெட்டு, ஆடுகள் சிதறிப்போகும் என்பது. இயேசு அதைத் தாம் பிடிக்கப்பட்ட இரவில் தம்மைப் பற்றியே சொன்னார் (மத்தேயு 26:31). எட்டாம் வசனத்தை மட்டும் வெட்டி எடுத்து வரப்போகிற யுத்தத்தின் மேல் ஒட்டுவது எனக்கு ஏற்புடையதல்ல.

அந்தப் பேனரின் வரலாறும் தெரிந்திருக்கட்டும். 1830-களில் பிளிமத் சகோதரர் கூட்டத்தைச் சேர்ந்த ஜான் நெல்சன் டார்பி வடிவம் கொடுத்த போதனை அது. 1909-இல் வந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தின் குறிப்புகள் அதை உலகமெங்கும் பரப்பின. 1853-இல் நம் பகுதியில் தொடங்கிய ஆற்காடு மிஷனின் சீர்திருத்தச் சபை மரபு வேறு: ஒரே உடன்படிக்கை, ஒரே தேவ ஜனம். நீங்கள் சின்ன வயதில் படித்தது அதன் வழி வந்தது.

ஆம்பூர் லூத்தரன்

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்று. ‘சபையே புதிய இஸ்ரவேல்’ என்ற பக்கமும் சுத்தமான கைகளோடு நிற்கவில்லை. தேவன் யூதரைத் தள்ளிவிட்டார் என்று நூற்றாண்டுகளாகச் சொன்ன சபைதான் ஐரோப்பாவில் அவர்களை ஒதுக்கவும் துரத்தவும் துணை நின்றது. எங்கள் சபை மரபைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரே 1543-இல் அவர்களுடைய ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லி எழுதினார். 1984-இல் லூத்தரன் உலகக் கூட்டமைப்பு அந்த எழுத்துகளை வெளிப்படையாக நிராகரித்தது. கத்தோலிக்கர் 1965-இல் வத்திக்கான் சங்கத்தில் யூதரைச் சபிக்கப்பட்டவர்களாகக் காட்டக் கூடாது என்று அறிவித்தார்கள். பெத்லகேமில் அரபுக் கிறிஸ்தவக் குடும்பங்களும் இருக்கின்றன. அங்கே யுத்தம் வரட்டும் என்று ஜெபிக்கிறவர்கள் அவர்களையும் நினைக்க வேண்டும்.

சத்துவாச்சாரி நர்ஸ்

மூவருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அத்தையும் நானும் ரோமர் 9-ஐச் சத்தமாகப் படித்தோம். மூன்றாம் வசனத்தில் அத்தை நிறுத்தச் சொன்னார், கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அந்த ஊழியர் இதைச் சொல்லலையே” என்றார். மகளிடம், இயேசு எருசலேமைப் பார்த்து அழுதார் என்று லூக்கா 19-ஐக் காட்டினேன். ஐயா, 11-ஆம் அதிகாரத்தை அடுத்த வெள்ளிக்கிழமை ஜெப வீட்டில் படிக்கலாமா என்று பாஸ்டரிடம் அத்தையே கேட்கப்போகிறார். எந்த வசனத்திலிருந்து தொடங்கலாம்?

ராணிப்பேட்டை ஓய்வு வாத்தியார்

முதல் வசனத்திலிருந்தே. ‘தேவன் தம்முடைய ஜனங்களைத் தள்ளிவிட்டாரோ?’ என்று பவுலே கேட்கிறார், அதே வசனத்தில் பதிலும் சொல்கிறார். 36 வரை நிறுத்தாமல் படியுங்கள்.